இருபத்து மூன்று வீடுகளுக்கு ஒரே இடுப்பு

"வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது?" என்று அரசாங்கக் கந்தோர் ஆள் எவராவது கேட்டால், எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், பதில் சொல்வது வாய் அல்ல, கை. அது எழும்பி இடுப்பில் நிற்கும். எந்த வீட்டில் கேட்டாலும் இடுப்புத்தான். ஆறடி ஆளும் தன் இடுப்பைக் காட்டுவார், நாலரை அடி மனுசியும் தன் இடுப்பைக் காட்டுவா. கேட்டவர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு போவார். இப்படி எழுதிக்கொண்டு போனவர்களை நான் இதுவரை பதினொரு பேர் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட "யாருடைய இடுப்பு?" என்று கேட்கவில்லை.

இது ஒழுங்கையின் ஏற்பாடு. வெள்ள நிவாரண உலருணவு ஒழுங்கைக் கணக்கில் வருகிறபடியால், ஒரு வீடு முழங்கால் என்றும் இன்னொரு வீடு நெஞ்சு என்றும் சொன்னால் யாராவது விடுபட்டுப்போவார்கள். ஆகவே வெள்ளம் எல்லாருக்கும் ஒரே அளவு என்று எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். கண்டி வீதியிலிருந்து வாய்க்கால் வரை ஒழுங்கை ஐந்தடிக்கு மேல் சரிந்து போகிறது. தண்ணீர் மட்டும் அந்தச் சரிவை மதிக்காமல் வீடு வீடாக இடுப்பளவில் நிற்குமாம்.

நான் நில அளவைக் கந்தோரில் முப்பத்து நான்கு வருடம் படம் வரைந்து ஓய்வு பெற்றவன். இந்த ஏற்பாட்டை என்னால் சகிக்க முடியவில்லை. எங்கள் தலைக்கு மேலே பெரிய குளம் இருக்கிறது. மாரியில் அது நிரம்பி வான் கதவுகளைத் திறந்தால், மிஞ்சிய தண்ணீர் வயல்களைக் கடந்து எங்களிடம் வரும். கீழே தம்பலகாமக் குடா நிறைந்திருந்தால் வடிய இடமில்லாமல் அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு நான் அளவுகோலோடு போய், வாசல் படலைக் கட்டையிலும் சுவரிலும் படிந்த சேற்றுக் கோட்டை அளந்து கொப்பியில் எழுதுவேன். இருபத்து நான்கு வீடுகள், ஐந்து வெள்ளங்கள். கடைசி வெள்ளத்தில் உண்மையாக இடுப்பளவு வந்தது இரண்டு வீடுகளுக்கு. வாய்க்கால் ஓரத்து நான்கு வீடுகளில் நாலரை அடிக்கு மேல். என்னுடையதும் சேர்த்துப் பதினேழு வீடுகளில் ஆறங்குலத்திலிருந்து ஒன்றேமுக்கால் அடிவரை. எனக்கு ஓரடி இரண்டங்குலம்.

மிச்சம் ஒரு வீடு, என் தங்கையுடையது. ஒழுங்கையின் நடுவில் ஒரு திட்டியின், சிறு மேட்டின், மேல் இருக்கிறது. அதற்கு நேரே பூச்சியம் என்று எழுதியிருந்தேன். அவளும் இடுப்பைத்தான் காட்டி வந்தாள்.

போன வருடம் ஒரு திட்டம் வந்தது. குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் வெள்ள அபாய வரைபடம் தயாரிக்கப் போகிறார்களாம். பல்தேவைக் கட்டிடத்தில் கூட்டம் வைத்தார்கள். கதிரைகள் எண்பது, வந்தவர்கள் ஐம்பத்து மூன்று, தின்ன வைத்த ரோல்ஸ் நூற்றிருபது. ரோல்ஸ் முடியும் வரை ஒருவரும் எழும்பவில்லை. திட்ட அலுவலர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்தார். மேசையில் ஊரின் படத்தை விரித்து, இடுப்புக்கும் அதற்கு மேலும் சிவப்பு, முழங்காலுக்கு மஞ்சள், கணுக்காலுக்குப் பச்சை என்று ஒட்டுப்பொட்டுகளைக் கொடுத்து, "உங்கட வீட்டில தண்ணி எவ்வளவு வந்ததோ அந்த நிறத்தை ஒட்டுங்கோ. இது மக்களிட வரைபடம்" என்றார்.

பெண்கள் பொட்டுத் தாளைக் கையில் வாங்கிய விதத்திலேயே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. அரைமணி நேரத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதும் சிவப்பு. ஒருத்தி தன் வீட்டுக்கு மூன்று ஒட்டியிருந்தாள்.

நான் அலுவலரிடம் போனேன்.

"தம்பி, இடுப்பு எண்டால் எத்தினை அடி?"

"மூண்டடி எண்டு எடுத்திருக்கிறம் சேர்."

"யாரிட இடுப்பு?"

அவர் சிரித்தார். "சராசரி இடுப்பு சேர்."

"என்ர வீட்டில ஓரடி இரண்டங்குலம். எழுதுங்கோ."

"அதுக்குப் பெட்டி இல்லை சேர். கணுக்கால், முழங்கால், இடுப்பு, அதுக்கு மேல. நான் முழங்காலுக்குச் சரி போடுறன்."

"முழங்கால் எண்டால் என்ர முழங்காலோ, சராசரி முழங்காலோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "அண்ணைக்கு மட்டும் வெள்ளம் அங்குலத்தில வாறது" என்றான் வாய்க்கால் ஓரத்துக் கடைசி வீட்டுக்காரன். உழவு இயந்திரம் ஓட்டுபவன், வாய் அடங்காதவன். என் கொப்பியின்படி அவன் வீட்டில் ஐந்தடி ஓரங்குலம். அவனும் இடுப்புத்தான் சொல்லியிருந்தான். இரண்டடிக்கு மேல் தண்ணீரைச் சும்மா விட்டுக்கொடுத்தவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திட்டக்காரரிடம் செய்மதிப் படமும் கணினியும் இருக்கின்றனவே, பொய் அங்கே பிடிபடும் என்று நினைத்தேன். அந்தக் கணினியின் திறமையையும் பிறகு கண்டேன். அது நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம் போடுகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு கட்டத்துக்குள் மூன்று வீடுகள் அடங்கும். தங்கையின் திட்டியும் பக்கத்து வடிகானும் ஒரே கட்டத்தில் விழுந்து, மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்று சமதரையாகிவிட்டன. மிச்சத்தைச் சனத்தின் இடுப்பு தீர்மானித்தது. நாங்கள் மைப்பேனையால் கோடு போட்ட காலத்தில் இப்படி ஒரு திட்டியை விழுங்கியிருந்தால் மேலதிகாரி படத்தைக் கிழித்து எங்கள் மேசையிலேயே போட்டிருப்பார்.

நான்கு மாதம் கழித்து வரைபடத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். குளம் நீலம், வயல் வெளிர்நீலம், எங்கள் ஒழுங்கை சிவப்பு. மேற்கு முனையில் ஒரு மஞ்சள் பொட்டு. அது நான். அடியில் ஓர் அறிவித்தல்: சிவப்பு வலயத்தில் அரச வீட்டுத்திட்ட வீடு கட்ட அனுமதி இல்லை.

வீட்டுத்திட்டப் பட்டியலில் எங்கள் ஒழுங்கையிலிருந்து இருந்தது ஒரே ஒரு பெயர், என் தங்கையுடையது. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. கடைசி வெள்ளத்தோடு அவளுடைய பழைய மண்வீட்டின் பின்சுவர் விழுந்து, கூரையும் இறங்கிவிட்டது. தண்ணீர் தொடாத வீடு எப்படி விழுந்தது என்று நான் அப்போது யோசித்து, "களிமண் தரம் குறைவு" என்று கொப்பியில் எழுதினேன். அதற்குப் பிறகு மூன்று வருடமாகப் பதினான்கு தகரத்துக்குக் கீழே இருக்கிறாள். என் வீட்டுக்கு வா என்று ஏழு தரம் கேட்டேன். ஆடுகளை விட்டுவிட்டு வர ஏலாது என்றாள். ஐந்து ஆடுகள்.

செய்தியைச் சொல்லப் போனபோது அவள் தகரத்தின் கீழே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"உன்ர வாயாலதான் உன்ர வீடு போச்சு. உன்ர முற்றம் நனைஞ்சதே? இடுப்பாம், இடுப்பு."

"எல்லாரும் சொன்னவை அண்ணா. நானும் சொன்னனான்."

"எல்லாரும் குளத்துக்க குதிச்சால்?"

"குளம்தானே இஞ்ச வாறது" என்றாள்.

"கொப்பி இருக்கு. நாளைக்கே கச்சேரிக் கந்தோருக்குக் கொண்டுபோறன். உன்ர வீட்டுக்கு நேர பூச்சியம் எண்டு கிடக்கு."

அவள் ஊதுவதை நிறுத்தினாள். "அதில மற்ற ஆக்களிட கணக்கும் கிடக்கோ?"

"ஓம். எல்லாம் கிடக்கு."

"அப்ப கொண்டுபோகாதேங்கோ. அவையள் எனக்காகவும் சேர்த்துத்தான் இடுப்பு எண்டு சொன்னவை. இல்லையெண்டால் எனக்கு அரிசி வந்திருக்குமே? நான் அவையளைக் காட்டிக் குடுத்துப்போட்டு வீட்டுக்க இருக்கமாட்டன்."

பொய்க்கு இவ்வளவு விசுவாசத்தை நான் வேறெங்கும் காணவில்லை. அவள் சொன்னதைக் கேளாமல் மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

திட்ட அலுவலரின் அறை கடல் பக்கம். யன்னலால் துறைமுகம் தெரிந்தது. மூன்று கப்பல்கள் நின்றன. அவர் கொப்பியைப் புரட்டினார், ஐந்து வெள்ளங்களையும் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"அருமையான வேலை சேர். ஆனா இதை எடுக்க ஏலாது."

"ஏன்?"

"இது தனி ஆளிட தரவு. எங்கட முறை மக்கள் பங்கேற்பு."

"அளந்தது செல்லாது, காட்டினது செல்லும். அப்பிடியோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை சேர்." மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "மீள் சரிபார்ப்பு எண்டு ஒண்டு இருக்கு. ஒழுங்கையில உள்ள எல்லா வீடும் கையெழுத்து வைக்கவேணும். அடியில ஒரு அரச உத்தியோகத்தர், ஓய்வுபெற்றவர் எண்டாலும் சரி, 'மேற்கூறியவை உண்மை என நான் அறிவேன்' எண்டு உறுதிப்படுத்தவேணும். ஒழுங்கை மஞ்சளுக்கு வந்தா உங்கட தங்கச்சிக்கு வீடு வரும்."

"அவளிட வளவை மட்டும் மாத்த ஏலாதோ?"

"அனுமதிக்கு ஒழுங்கைதான் சேர் அலகு. தனி வளவைப் பார்க்கிறேல்லை."

எங்கள் ஒழுங்கையில் அரச உத்தியோகம் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

படிவத்தோடு திரும்பி வந்தேன். கூட்டம் உழவு இயந்திரக்காரனின் கொட்டிலில் கூடியது. எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது, ரோல்ஸ் இல்லாமலே. நான் நடந்ததைச் சொன்னேன். மஞ்சள் ஆகவேண்டுமென்றால் பெரும்பாலான வீடுகள் முழங்கால் அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும் என்றேன். உண்மையைச் சொன்னாலே போதும், பதினெட்டு வீடுகள் அப்படித்தான் என்று கொப்பியை விரித்தேன். இரண்டு வீடுகள் இடுப்பு, நான்கு வீடுகள் அதற்கு மேல், அதையும் உள்ளபடியே எழுதுவோம் என்றேன்.

வாழ்நாளில் முதல் தடவையாக இந்த ஒழுங்கை உண்மை சொல்லக்கூடிய ஒரு சந்தர்ப்பத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தேன். அவர்கள் என்ன செய்தார்கள்? ஐந்து நிமிடத்தில், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், ஐந்தே நிமிடத்தில், இருபத்து மூன்று வீடுகளுக்கும் முழங்கால் என்று முடிவெடுத்தார்கள். இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வெள்ளம் ஒரேயடியாக வடிந்தது. வான் கதவை மூடினாலும் இந்த வேகத்தில் வடியாது.

"உனக்கு ஐந்தடி ஓரங்குலம்" என்றேன் உழவு இயந்திரக்காரனிடம். "உன்ர தலைவாசல் நிலையில இப்பவும் கோடு கிடக்கு."

"முழங்கால் எண்டு போடுங்கோ."

"உன்ர முழங்கால் எங்க இருக்கு, கழுத்திலயோ?"

எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். "கழுவின உடன கோடும் போயிடும் அண்ணை. மனுசி எவ்வளவு நாளாச் சொல்லிக்கொண்டிருக்கிறா."

"விசர்க்கதை கதையாதை. சிவப்புக்குத்தான் நிவாரண வள்ளம் முதல் வரும். மஞ்சளுக்குப் பிறகுதான். இந்த நாலு வீட்டையும் மஞ்சள் எண்டு நான் கையெழுத்து வைச்சா, நாளைக்குப் பிள்ளையள் தண்ணிக்க நிக்கேக்க யார் பதில் சொல்றது?"

"போன முறை வள்ளம் எத்தினையாம் நாள் வந்தது? நீங்கள் எண்ணியிருப்பீங்களே."

எண்ணித்தான் இருந்தேன். "ஆறாம் நாள்."

"அப்ப சிவப்பாத்தான் இருந்தனாங்கள். மஞ்சளா இருந்தா ஏழாம் நாள் வரும். ஒரு நாள்தானே அண்ணை. கொப்பியை மூடிப்போட்டு கையெழுத்தை வையுங்கோ."

தங்கை கொட்டிலின் ஓரத்தில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். முப்பத்து நான்கு வருடம் வரைந்த படங்களில் ஒரு கோட்டைக்கூட வேண்டுமென்று பிழையாகப் போட்டவனல்ல நான். இருபத்து மூன்று முழங்கால்களுக்கு அடியில், "மேற்கூறியவை உண்மை என நான் அறிவேன்" என்ற வரிக்குக் கீழே, என் முழுக் கையெழுத்தை வைத்தேன். நான்கு வீடுகளை விற்று ஒரு வீடு வாங்கியவனுடைய கையெழுத்து என்று அதைப் பார்த்தபோது தோன்றியது. அன்று இரண்டு தரம் கை கழுவினேன்.

ஒழுங்கை மஞ்சளானது. தங்கைக்கு வீடு வந்தது. ஐந்நூற்றைம்பது சதுர அடி, இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, கக்கூஸ். அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து ஒழுங்கை ஆட்கள் அங்கேயே கிடந்தார்கள். உழவு இயந்திரக்காரன் கல்லும் மண்ணும் பதினெட்டு லோட் பறித்தான். பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் சுமந்தார்கள். தனக்கு மழைக்குமுன் கூரை மேயவேண்டியிருந்த ஒருவன் இங்கே வந்து தகரம் பிரித்தான். கூட்டம் கூடினால் வேலை செய்வதுபோல் தோன்றும், பாதிப்பேர் வெற்றிலைக்கு நிற்பார்கள் என்று நான் நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன். வெற்றிலைக்கு நின்றவர்கள் மூவர்தான்.

புது வீட்டுக் குடிபூரல் அன்று பரிசுகள் வந்தன. ஒரு சுவர் மணிக்கூடு, இரண்டு கதிரை, ஒரு குத்துவிளக்கு. ஒழுங்கையார் எல்லாரும் சேர்ந்து கொடுத்தது ஒரு கிடாரம். ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கலாம். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து குசினிக்குள் வைத்தார்கள். அதற்குப் பிறகு குசினியில் தங்கைக்குத் திரும்ப இடமில்லை.

"தனி மனுசிக்குக் கிடாரம்" என்றேன் உழவு இயந்திரக்காரனிடம். "உங்கட புத்திக்கு ஏத்த பரிசுதான். இதுக்க என்ன காய்ச்சுவாள், ஆட்டையோ?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "போன வெள்ளத்துக்கு அக்கா சின்னப் பானையில எட்டுத்தரம் காய்ச்சினவா அண்ணை, ஒரு நேரச் சோத்துக்கு."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான். வாய்க்கால் பக்கத்து நாலு வீடும் பேந்து நடுவில உள்ள ஆக்களும். ஒன்பது நாள். வேற எங்க போறது? அக்காட திட்டிதானே தண்ணிக்கு வெளியால நிண்டது. உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. தண்ணீர் ஓரடி வந்தவுடன் நான் வீதிப் பக்கமாகவே வெளியேறிப் பாடசாலை முகாமுக்குப் போய்விட்டேன். அங்கே நூற்று எண்பத்தாறு பேர். அவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். தங்கை ஆடுகளுக்காகப் பிடிவாதமாக நிற்கிறாள் என்று ஒருவர் சொன்னார், நம்பினேன். வடிந்த பிறகு அளவுகோலோடு வந்து, கோடு இல்லாத வீட்டுக்குப் பூச்சியம் போட்டேன்.

"எத்தினை பேர்?" என்று கேட்டேன்.

"அக்காவோட முப்பத்தொரு பேர். ரெண்டு அறைக்க. படுக்க ஏலாது, சுவரில சாஞ்சுகொண்டே நித்திரை. ஈரச் சீலையெல்லாம் அந்தப் பின்சுவரிலதான் காயப்போட்டது. அது எத்தினை நாளைக்குத் தாங்கும், மண்சுவர்தானே?" அவன் கிடாரத்தின் விளிம்பில் தட்டினான். "நாங்கள்தான் விழுத்தினது. அதுதான் முழங்கால் எண்டு சொன்னது. இது கல்வீடு, சாஞ்சாலும் விழாது."

தங்கை பால் கொண்டுவந்தாள். "ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் கேட்டது தண்ணி எவ்வளவு எண்டுதானே அண்ணா."

பாலைக் குடித்துவிட்டு எழும்பினேன். அளவுகோல் கையில் இருந்தது. கட்டில், அலுமாரி, குசினி, அந்தக் கிடாரம், எல்லாம் கழித்துவிட்டு மிஞ்சிய தரையை அளந்தேன். முந்நூற்று எழுபத்திரண்டு சதுர அடி. முப்பத்தொரு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டு. ஒருவர் காலை நீட்டிப் படுக்கப் பதினைந்தாவது வேண்டும். விறாந்தையைத் தகரத்தால் அடைத்தால் சரிக்கட்டலாம். ஆனால் முப்பத்தொரு பேருக்கு ஒரு கக்கூஸ். இவ்வளவு தூரம் யோசித்துப் பொய் சொன்ன கூட்டம் இதை யோசிக்கவில்லை. உழவு இயந்திரக்காரனைக் கூப்பிட்டு, திட்டியின் கிழக்கு மூலையில் இன்னொரு குழி வெட்டவேண்டும் என்றேன். ஐந்தடி ஆழம், கிணற்றிலிருந்து ஐம்பதடி தள்ளி, மாரிக்கு முன்.

"நீங்களும் வருவீங்களோ அண்ணை, அடுத்த முறை?" என்றான். "அப்பிடியெண்டா முப்பத்திரண்டு."

கிழக்கு மூலைக்கு நடந்து, குழிக்கு நான்கு முளைகளை அடித்தேன்.